பதிவும் ஒரு கரணமே!

ஒருத்தியோடு கூடி வாழ்ந்த ஒருவன், பின்னொரு நாள் அவைமுன் நின்று "இவளை யான் அறியேன்" என்று கூறுவானாயின் அவள் என் செய்வாள்? இவ்வினா இன்று பிறந்ததன்று. கழக இலக்கியக் காலத்திலேயே (சங்க காலத்திலேயே) எழுந்தது. குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் படைத்த தலைவி இதனை எண்ணியே கலங்குகின்றாள். அவன் அவளைக் கொண்ட பொழுதில் வேறு எவரும் அங்கிலர். ஓடுநீரில் மீன்பார்த்து நின்ற நாரை ஒன்றே இருந்தது. நாரை அவைக்கு வந்து சான்று பகருமா? அகநானூறு 256ஆம் பாட்டோ ஊரவையில் தீர்க்கப்பட்ட வழக்கு ஒன்றையே காட்டுகின்றது. கள்ளூர் என்னும் ஊரில் பெண்ணொருத்தியின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் உண்மை அறிந்த சான்றாளரை உசாவினர். அவன் பொய்யன் எனத் தெளிந்தனர். மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீற்றைப் பெய்து ஒறுத்தனர். நாரையை மட்டும் சான்றாக உடையவள் கலங்கினாள். ஊரைச் சான்றாக உடையவள் முறைபெற்றாள்.

தொல்காப்பியர் கற்பியலில் இதனையே நெறியாக உரைத்தார். பொய்ம்மையும் தவறும் தலையெடுத்த பின்னரே பெரியோர் மணத்திற்குக் கரணம் என்னும் நடைமுறையை வகுத்தனர் என்பது அவர் கூற்று. அங்கு வரும் 'ஐயர்' என்னும் சொல் தலைமை சான்ற பெரியோரைக் குறிப்பதேயன்றி ஒரு குலத்தாரைக் குறிப்பதன்று என்பதைத் தமிழறிஞர் பலகால் விளக்கியுள்ளனர். கரணம் எரி வளர்ப்பதற்காக வந்ததன்று. விளங்காமொழியில் ஓதுவதற்காக வந்ததன்று. ஒருவன் பின்னர் 'இல்லை' என்று கூறாதவாறு தடுப்பதற்காக வந்தது. அகநானூறு 86ஆம் பாட்டில் மணல் பரப்பிய பந்தல் உண்டு, விளக்கு உண்டு, உழுந்து சேர்ந்த உணவு உண்டு, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துதலும் உண்டு. தீவலம் இல்லை, வடமொழி இல்லை. ஊர் முழுதும் அங்கிருந்தது. அதுவே சான்று.

இன்றோ அவ்வூர் கலைந்துவிட்டது. பாகூரில் பிறந்தவன் சென்னையில் வாழ்கின்றான். வில்லியனூரில் மணந்தவள் பிரெஞ்சு நாட்டில் குடியிருக்கின்றாள். மணத்தை நேரிற் கண்ட பெரியோர் மறைந்து போகின்றனர். ஊரின் இடத்தில் இன்று நிற்பது அரசின் மணப்பதிவேடு. ஆகவே பதிவும் இக்காலத்துக் கரணமே. தமிழ்முறையில் மணம் செய்வோர் பலரும் இதனை உணராமல் விடுவதால் வரும் கேடு பெரிது.

பாகூரிலும் வில்லியனூரிலும்

பிரெஞ்சுக்காரர் 1880இல் புதுவைப் பகுதியைப் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு கொம்யூன்களாகப் பகுத்தனர். இன்று வில்லியனூரும் பாகூரும் கொம்யூன் பஞ்சாயத்துகளாக நிற்கின்றன. பெயரின் முற்பாதி பிரெஞ்சு, பிற்பாதி வடமொழி. இடையில் தமிழ் இல்லாத இப்பெயரின்கீழ் வாழ்வோர் தூய தமிழர். பாவேந்தர் பாரதிதாசன் பிறந்த மண் இது. 'புரட்சித் திருமணத் திட்டம்' என்று மணமுறைக்கே ஒரு நூல் செய்தவர் அவர். அவர் வழியில் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் குறளோதி, உறுதிமொழி கூறி, மாலை மாற்றி நடக்கும் தமிழ்த் திருமணங்கள் உண்டு. அழைப்பிதழில் வடசொல் ஒன்றும் புகாதவாறு மெய்ப்புப் பார்ப்பார் உளர். நல்லோரை என்று எழுதுவதா, நன்முழுத்தம் என்று எழுதுவதா என்று நாள் முழுதும் ஆய்வார் உளர். விழா முடிந்து பந்தல் பிரித்தபின், மணத்தைப் பதிந்தாயிற்றா என்று கேட்பார்தாம் அரியர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுக. ஏரிப் பாய்ச்சலில் நெல் விளையும் ஒரு சிற்றூரில் சாதி கடந்து இருவர் தமிழ்முறையில் மணந்தனர் என்க. பத்தாண்டு கழித்துக் கணவன் விபத்தில் இறந்தான். அவன் உடன்பிறந்தார், "இவள் எங்கள் வீட்டு மருமகள் அல்லள், எந்த ஐயர் மணம் செய்துவைத்தார்?" என்று கேட்கின்றனர். நிலத்தில் பங்கில்லை, பணிக்கொடை இல்லை, பிள்ளைகள் பெயருக்கே இழுக்கு. மணத்தை நடத்திவைத்த தமிழாசிரியர் காலமாகிவிட்டார். ஒளிப்படம் ஒன்று மங்கிக் கிடக்கின்றது. அவள் நிலை நாரையைச் சான்றாகக் கொண்டவளின் நிலைதானே? தமிழ்முறையின் பெயரால் நடந்த மணம் ஒரு தமிழ்ப்பெண்ணைத் தெருவில் நிறுத்துமாயின், அப்பழி அதனை நடத்திவைத்த இயக்கத்தையே சாரும்.

சட்டம் வந்த வழி

தமிழ்முறை மணத்திற்குச் சட்ட மதிப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. பெரியாரின் தன்மான இயக்கம் (சுயமரியாதை இயக்கம்) 1928 முதலாகச் சடங்காளர் இல்லாத மணங்களை நடத்தியது. ஆயினும் 1953இல் சென்னை உயர் நயன்மன்றம் (உயர் நீதிமன்றம்) அத்தகைய மணமொன்று செல்லாது என்று தீர்த்தது. தீவலமும் ஏழடியும் இல்லை. அவ்வழக்கம் நெடுநாள் நிலைத்ததுமன்று. ஆகவே அது மணமன்று என்பது தீர்ப்பின் போக்கு. அவ்வாறு மணந்த குடும்பங்கள் பலவற்றின் உரிமை ஒரே நாளில் ஐயத்திற்குள்ளாயிற்று.

1955இல் நடுவணரசின் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு, மணமக்களுள் ஒருவர் தரப்பின் வழக்காறும் சடங்கும் நிறைவேறினால் போதும் என்றது. ஏழடி வைத்தல் சடங்கின் கூறாயின் ஏழாம் அடியில் மணம் முற்றுப்பெறும் என்றது. தன்மான மணம் இதனுள் அடங்குமா என்னும் ஐயம் நீங்கவில்லை. 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு அச்சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அது 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னர் நடந்த தன்மான மணங்களையும் செல்லத்தக்கன என்று உறுதி செய்தது.

புதுச்சேரியின் வழி வேறு. கீழூரில் 1954 அக்டோபர் 18இல் மக்கள் சார்பாளர் 178 பேருள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகத்து 16இல் சட்டமுறை இணைப்பு நிறைவுற்றது. அதன்பின் 1963 அக்டோபர் 1 முதல் இந்துத் திருமணச் சட்டமும், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமும் இங்கு விரிவாக்கப்பட்டன. தமிழ்நாட்டின் 7-அ பிரிவு தானே இங்கு வந்துவிடவில்லை. புதுவைச் சட்டமன்றம் 1971இல் தனித்த திருத்தச் சட்டம் இயற்றியே அதனை இம்மண்ணுக்கு உரியதாக்கியது.

அப்பிரிவு சொல்வது யாது? இந்துக்கள் எனச் சட்டம் கொள்ளும் இருவர், உறவினர் அல்லது நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணக்கலாம். ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதை இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றலாம், கணையாழி அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்று நிகழினும் மணம் செல்லும். சடங்காளர் வேண்டா, எரி வேண்டா. 'தமக்கு விளங்கும் மொழி' என்னும் சொற்களைத் தமிழன்பர் ஊன்றி நோக்குதல் வேண்டும். விளங்கா மொழியில் பிறர் ஓத, பொருளறியாது தலையசைப்பதை மணம் என்று நம்பிய நாட்டில், மணமக்கள் தம்மொழியில் தாமே கூறும் சொல்லுக்கு மணமாக்கும் வலிமையைச் சட்டம் அளித்தது. இதனினும் பெரிய தமிழ் வெற்றி மணவினையில் வேறில்லை.

சடங்கில் ஒளிந்தவன்

இப்பிரிவின் பயன் 2001இல் உச்ச நயன்மன்றம் (உச்ச நீதிமன்றம்) தீர்த்த தமிழ்நாட்டு வழக்கொன்றில் நன்கு விளங்கிற்று. மனைவியிருக்க ஒருவன் திருத்தணிக் கோயிலில் வேறொருத்தியைத் தாலி கட்டி மணந்தான். முதல் மனைவி வழக்குத் தொடுத்தாள். அவன் கூறிய விடை வியப்புக்குரியது: "இரண்டாம் மணத்தில் ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது மணமன்று, ஆகவே யான் குற்றஞ் செய்திலேன்." கீழ்மன்றம் அதனை ஏற்று அவனை விடுவித்தது. உச்ச நயன்மன்றமோ, 7-அ பிரிவின்படி தாலி கட்டியதே மணத்திற்குப் போதுமானது, ஏழடி இன்றியமையாததன்று, ஆகவே அவன் இருமணக் குற்றம் புரிந்தவனே என்று தெளிந்தது.

வடமொழிச் சடங்கு புனிதமானது என்பார் இவ்வழக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சடங்கு இங்குப் பெண்ணைக் காக்கவில்லை. அவளை வஞ்சித்தவனுக்கு ஒளியிடமாயிற்று. அவ்வொளியிடத்தை அடைத்தது தமிழர் பெற்ற சட்டம்.

2023இல் உச்ச நயன்மன்றம் மற்றொரு தெளிவையும் தந்தது. இப்பிரிவின்படி நடக்கும் மணத்திற்கு ஊரறிந்த விழாவோ பறைசாற்றலோ தேவையில்லை. சிலர் முன்னிலையில் நடந்தாலும் செல்லும் என்றது. சாதி கடந்து மணப்போர்க்கு இஃது அரண். ஆனால் ஊரறியாத மணத்திற்குச் சான்று மிகக் குறைவு என்பதும் உண்மை. ஊர் எத்துணைச் சுருங்குகின்றதோ அத்துணைப் பதிவின் தேவை பெருகுகின்றது.

பதிவு என்பது யாது?

மேலைநாடுகள் சிலவற்றில் மணத்திற்கு முன்னரே அரசிடம் உரிமம் பெறுதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டில் ஊராட்சித் தலைவர் முன் நடப்பதே மணம்; கோயிலில் நடப்பதற்குச் சட்ட மதிப்பில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் வழி வேறு. முதலில் மணம், பின்னர் அதன் பதிவு. 8ஆம் பிரிவின்படி மணத்தின் விளத்தங்கள் பதிவேட்டில் ஏறும். அப்பதிவேடு மன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். கட்டணம் செலுத்தி அதன் படியைப் பெறலாம். பதியாமையால் மட்டும் ஒரு மணம் செல்லாததாகிவிடாது என்பதையும் அப்பிரிவே கூறுகின்றது. இதனைப் பற்றிக்கொண்டே பலர் பதிவைப் புறக்கணிக்கின்றனர். செல்லுதல் வேறு, செல்லுமென்று மெய்ப்பித்தல் வேறு. மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் கைம்பெண் மேலும் கைவிடப்பட்டவள் மேலும் விழுகின்றது.

2006 பிப்ரவரி 14இல் உச்ச நயன்மன்றம், எச்சமயத்தார் மணமாயினும் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும் என்றும், அதற்கான நெறிமுறைகளை எல்லா அரசுகளும் வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. மற்றொரு முனையில், 2024 ஏப்பிரலில் அம்மன்றமே, மணவினை எதுவும் நடவாமல் சான்றிதழ் மட்டும் பெற்றால் இந்துத் திருமணச் சட்டத்தின்படி அது மணமாகாது என்றும் கூறியது. ஆகவே உறுதிமொழியின்றிப் பதிவு வெறுந்தாள். பதிவின்றி உறுதிமொழி காற்றில் கரையும் சொல். இரண்டும் வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதற்கண் மணமக்களின் தகுதி. ஆணுக்கு அகவை 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருத்தல் வேண்டும். இருவருக்கும் உயிரோடுள்ள வேறு துணை இருத்தலாகாது. மணத்திற்கு இசைவு தரும் மனநிலை இருத்தல் வேண்டும். விலக்கப்பட்ட உறவினராதல் கூடாது. எனினும் வழக்காறு இடந்தருமாயின் அவ்விலக்கு இல்லை. அக்காள் மகளை மணக்கும் தமிழ் வழக்கம் இவ்விலக்கால் தடைப்படாமைக்கு இதுவே கரணியம்.

இரண்டாவது, எச்சட்டத்தின்கீழ் என்பது. தமிழ்முறையில் மணம் முடித்த இந்துக்கள் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதியலாம். வில்லியனூரிலும் பாகூரிலும் சார்பதிவாளர் அலுவலகங்கள் உள. விண்ணப்பம், இருவரின் அகவைச் சான்று, இருப்பிடச் சான்று, அழைப்பிதழ், மணக்கோல ஒளிப்படம், சான்றாளர் ஆகியன வழக்கமாகக் கேட்கப்படுவன. மணத்தன்றே மூவரைச் சான்றாளராகக் குறித்துக்கொண்டு, அவர்தம் அடையாள அட்டைப் படிகளைப் பெற்று வைத்தல் நன்று. உறுதிமொழியை எழுதி, மணமக்களும் பெற்றோரும் சான்றாளரும் கையெழுத்திட்ட ஓலையொன்று வைத்திருத்தல் இன்னும் நன்று. அது பதிவுக்கு மாற்றன்று, பதிவுக்குத் துணை.

சமயம் கடந்து மணப்போரும், சமயப் பெயரே வேண்டாதாரும் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடலாம். அதற்கு முன்னறிவிப்பு வேண்டும். இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருத்தல் வேண்டும். மண அலுவலர் அவ்வறிவிப்பைப் பலர் பார்க்கும் இடத்தில் ஒட்டுவார். 30 நாளுக்குள் சட்டமுறையான தடையுரை எழாவிடின் மணம் நடக்கும். அறிவித்த நாளிலிருந்து 3 மாதத்திற்குள் மணம் முடியாவிட்டால் மீண்டும் அறிவிக்க வேண்டும். மணநாளில் சான்றாளர் மூவர் வேண்டும். இங்கும் மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியிலேயே ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லுதல் வேண்டும். அச்சொல் பிறவாமல் மணம் முற்றுப்பெறாது. முன்னரே வேறுமுறையில் மணந்து கூடி வாழ்வோரும் இச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ்ப் பதியலாம். அதற்கு இருவரும் 21 அகவை நிறைந்தவராயும், அம்மாவட்டத்தில் 30 நாள் தங்கியவராயும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, புதுவைக்கே உரிய ஒரு சிக்கல். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு ஆணையின்படி, தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் பூண்டோர் உண்டு. இவரை 'இரெனொன்சான்' என்பர். இந்துத் திருமணச் சட்டம் இவர்க்குப் பொருந்தாது என்று 1963இலேயே தனி உட்பிரிவு சேர்க்கப்பட்டது. முன்னோர் அவ்வாறு துறந்திருந்த குடும்பத்தார் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தம் நிலையறிந்து வழக்கறிஞரை நாடிய பின்னரே மணப்பதிவுக்குச் செல்லுதல் வேண்டும். கிறித்தவர்க்கும் முகம்மதியர்க்கும் உரிய நெறிகள் தனி.

நான்காவது, எல்லைச் சிக்கல். புதுவைச் சிற்றூர்களும் கடலூர், விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களும் பாயும் இழையும்போல் பின்னிக் கிடக்கின்றன. தெருவின் ஒருபுறம் புதுவை, மறுபுறம் தமிழ்நாடு. மணமகன் பாகூரான், மணமகள் கடலூர்ப் பக்கத்தாள், மண்டபம் எப்புறம் என்பதையும் நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த மணம் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டத்திற்கு உட்படும். 90 நாளுக்குள் பதிதல் வேண்டும். தவறினால் மேலும் 60 நாளுக்குள் காலத்தாழ்வுக் கட்டணத்தோடு பதியலாம். "மாப்பிள்ளை வீடு புதுவைதானே" என்று வாளாவிருந்து நாளைக் கழித்தல் ஆகாது.

ஐந்தாவது, தமிழன்பர்க்கே உரிய சிக்கல். வடமொழிப் பெயரை நீக்கித் தூய தமிழ்ப்பெயர் பூண்டோர் பலர். அரசிதழில் அறிவிக்காமல் இயக்க மேடையில் மட்டும் அப்பெயரை வழங்குவோரும் அவருள் உளர். பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் ஒரு பெயர், அழைப்பிதழில் மூன்றாம் பெயர் என்றிருந்தால் பதிவாளர் திருப்பி அனுப்புவார். அவ்வாறு அனுப்பாமல் பதிந்துவிட்டாலும், பிற்காலத்தில் கடவுச்சீட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ அச்சான்று உதவாது. பெயர் மாற்றத்தை முன்னரே அரசிதழில் வெளியிட்டு, எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக்கிக் கொள்ளுதல் வேண்டும். மேடைக்கு மட்டும் தமிழனாயிருந்து பயனில்லை. பதிவேட்டிலும் தமிழனாதல் வேண்டும்.

தமிழில் கேட்க வேண்டுவது

பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பும் மணமும் இறப்பும் பதியப்பட்டன. அவ்வொழுங்கு பாராட்டத்தக்கது. ஆனால் அவ்வேடுகளில் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் ஏறி உருக்குலைந்தன. வில்லியனூர் 'வில்லெனூர்' ஆயிற்று. உழவர்கரை 'ஊல்காரே' ஆயிற்று. ஊர்ப்பெயருக்கே இந்நிலையாயின் ஆட்பெயரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

1956ஆம் ஆண்டு ஒப்பந்தம், மக்கள் சார்பாளர் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. 1965ஆம் ஆண்டுப் புதுவை ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்துக்கும் இடம் வைத்தது. அவ்விடமே இன்று பெருகிப் பரந்துள்ளது. எனவே ஆங்கிலப் படிவத்தை நீட்டினால், தமிழ்ப் படிவம் உண்டா என்று கேட்டல் குடிமகன் உரிமை. தமிழில் நிரப்புதலும், தலைப்பெழுத்தோடு தமிழிற் கையெழுத்திடுதலும், சான்றிதழில் பெயர் தமிழிலும் பொறிக்கப்பட வேண்டுமென்று எழுத்து வழிக் கோருதலும் உரிமையே.

பாகூர்ச் செப்பேடு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வடமொழிக் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டன. செப்பேட்டின் புகழுரை வடமொழிச் செய்யுள். ஆனால் ஊரும் நிலமும் பற்றிய நடைமுறைப் பகுதி தமிழ் உரைநடை. வடமொழியைப் போற்றிய அரசும், உரிமை பிழையாதிருக்க வேண்டிய இடத்தில் மக்கள் மொழியைத்தான் நாடிற்று. நிலத்தின் உரிமைக்குத் தமிழ் வேண்டுமாயின், வாழ்வின் உரிமைக்குத் தமிழ் வேண்டாவோ?

மறுப்பாரும் விடையும்

"தமிழர் இந்துக்கள் அல்லர், இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் எங்ஙனம் பதிவது?" என்பர் சிலர். அச்சட்டத்தில் 'இந்து' என்பது ஒரு நம்பிக்கையின் பெயராக நிற்கவில்லை. முகம்மதியர், கிறித்தவர், பார்சியர், யூதர் அல்லாதார் பெரும்பாலாரும் அதனுள் அடங்குவர். அச்சொல்லையே விரும்பாதார்க்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வாயில் திறந்துள்ளது. எதனையும் விரும்பாமல் மனைவியைச் சான்றின்றி விடுதல் கொள்கையாகாது.

"முன்னோர் பதிந்தனரா?" என்பர் வேறு சிலர். முன்னோர் கரணம் வகுத்தனர். பொய்யும் வழுவும் தோன்றிய காலத்தில் அதற்கேற்ற காப்பைத் தேடியவர் அவர். பொய் இன்று குறைந்ததா, பெருகியதா?

"ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்திடேன்; தமிழ்ப் படிவம் வரும்வரை பதியேன்" என்பர் உறுதி மிக்க சிலர். அவ்வுறுதி போற்றத்தக்கது, ஆனால் அதன் விலையைச் செலுத்துபவர் யார்? கணவனின் கொள்கைக்காக மனைவியின் உரிமை பணயம் வைக்கப்படலாகாது. பதிதல் இன்று, தமிழுக்காகப் போராடுதல் இன்றும் நாளையும்.

மலேசியத் தமிழரைப் பார்த்தல் நன்று. அங்கு 1982 மார்ச்சு 1 முதல், முகம்மதியரல்லாதார் மணங்கள் பதிவுச் சட்டத்திற்கு உட்பட்டன. கோயிலில் மணந்தாலும் பதிவின்றிச் சட்டம் அதனை ஏற்காது. அவ்வொழுங்குக்கு அங்குள்ள தமிழர் பழகிக்கொண்டனர். அதனால் அவர் தாலி கழன்றுவிடவில்லை, தமிழ் அழிந்துவிடவில்லை.

தமிழ்த் திருமணம் நடத்திவைப்போர்க்கு ஒரு கடமை உண்டு. குறளோதுதல், உறுதிமொழி, மாலை மாற்றல், வாழ்த்துரை என்னும் நிரலின் இறுதியில் 'பதிவு' என்பதையும் சேர்த்து அழைப்பிதழிலேயே அச்சிடுதல் வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பி மணமேடைக்கே கொண்டுவந்து, பதிவுக்குச் செல்லும் நாளைக் குறித்து, சான்றிதழ் மணமகள் கைக்கு வந்த பின்னரே தம் பணி முடிந்ததாகக் கொள்ளுதல் வேண்டும். அதன் ஒருபடி அவள் தாய்வீட்டிலும் இருத்தல் நன்று.

நாரை பறந்துவிடும், ஊரும் மறந்துவிடும். ஏட்டில் ஏறிய பெயர் நிற்கும். அது தமிழில் நிற்க வேண்டும்.